செவ்வரளிக்கும் நந்தியாவட்டைக்கும் நடுவே ஒரு மாடு

ஆடி மூன்றாம் வெள்ளிக்கு மறுநாள், எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றும் தனத்தின் மாடு படுத்துவிட்டது. ஐந்து மாதச் சினை மாடு.

படுக்க வைத்தவன் நான்.

இதை எழுத எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. போன வாரமும் அதற்கு முந்தின வாரமும் பத்திரிகையில் இந்த இடத்தில் எதையோ எழுதி ஒப்பேற்றினேன். உங்களில் இரண்டு பேர் போன் செய்து, “என்ன சார், உப்பு சப்பில்லாம இருக்கு?” என்று கேட்டீர்கள். உண்மைதான். மனசுக்குள் ஒன்றை அமுக்கி வைத்துக்கொண்டு வேறொன்றை எழுதினால் உப்பு எங்கிருந்து வரும்?

முதலில் செடிகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மாட்டுக்கு அப்புறம் வருகிறேன். தப்பு வேர் விட்டது செடியில்தான்.

முதலியார்பேட்டையில் எங்கள் வீடு சின்னது. வாசற்படிக்கும் இரும்பு கேட்டுக்கும் நடுவே நாலடி மண். கேட்டுக்கு வலப்பக்கம் என்னுடைய செவ்வரளி. இடப்பக்கம் என் மனைவி செல்வியின் நந்தியாவட்டை. கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்தில் எங்களுக்குள் நடந்த பாகப்பிரிவினை இது ஒன்றுதான்.

அரளியைப் போல ஒரு நல்ல பிள்ளை உண்டா? பென்சில் தடிமனில் ஒரு குச்சியை ஒடித்து ஈரமண்ணில் செருகினால் போதும், பிடித்துக்கொள்ளும். வெயில் காயட்டும், கடல் காற்று அடிக்கட்டும் — அது பாட்டுக்கு நிற்கும். மூன்று நாள் தண்ணீர் ஊற்ற மறந்தாலும் முகம் சுளிக்காது. ஒரே ஒரு தொந்தரவு, கொழுந்தில் மஞ்சள் மஞ்சளாகப் பூச்சி மொய்க்கும். குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் ஓடிவிடும். பூத்து ஓய்ந்த கிளையை வெட்டிவிட்டால், வெட்டின இடத்தில் இரண்டாக வெடிக்கும். இரண்டிலும் கொத்துக் கொத்தாகப் பூ! காலையில் தொடுத்து அம்மன் கழுத்தில் போட்ட மாலை, சாயங்காலம் வரைக்கும் அப்படியே இருக்கும். செவ்வாய்க்கிழமை ராகு காலத்தில் துர்க்கைக்கு விளக்குப் போடப் போகிற பெண்கள் எல்லாரும் எங்கள் கேட்டில் நின்றுவிட்டுத்தான் போவார்கள். எனக்கு அதில் ஒரு பெருமை. ஏன் மறைக்க வேண்டும்?

நந்தியாவட்டை அப்படியா? அது மாப்பிள்ளை மாதிரி. உச்சிவெயில் ஆகாது, அரைநிழல் வேண்டும். தினம் தண்ணீர் வேண்டும். ஆனால் தண்ணீர் காலடியில் தேங்கிவிடக் கூடாது! ஒருநாள் தவறினால் இலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும். இலைக்கு அடியில் வெள்ளையாக மாவுப்பூச்சி அப்பிக்கொள்ளும். செல்வி ஞாயிற்றுக்கிழமை தோறும் வேப்பெண்ணெயில் சோப்புத் தண்ணீர் கலந்து, பழைய துணியை அதில் நனைத்து, ஒவ்வொரு இலையாகத் துடைப்பாள்.

“எனக்குக் காய்ச்சல் வந்தப்பகூட நீ இப்படித் தொடச்சி விடலியே” என்பேன்.

“நீங்க பூக்கறீங்களா?” என்பாள்.

பூவும் அந்தச் செடி மாதிரிதான், தொட்டால் கோபம். பறித்துத் தொடுத்தால் மத்தியானத்துக்குள் துவண்டு, விளிம்பெல்லாம் பழுப்பாகிவிடும். மாலைக்கு உதவாது. ஆனால் சிவலிங்கத்தின் மேல் உதிரியாக நாலு பூவைப் போட்டுப் பாருங்கள்... அந்த வெள்ளை வேறு எந்தப் பூவிலும் கிடையாது. செல்விக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. தையல் மெஷினில் உட்கார்ந்து கண் எரிந்தால், பூவைத் தண்ணீரில் நனைத்து மூடின இமைமேல் வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் படுப்பாள். குளுகுளு என்று இருக்கிறதாம். கண்ணுக்குள் மட்டும் எதையும் விடாதீர்கள், அது கண் டாக்டர் போட்ட சட்டம்.

“என் செடி சாமிக்கு. உன் செடி தூக்கத்துக்கு” என்று சீண்டுவேன். இப்படிச் சீண்டிச் சீண்டியே ஆட்டம் போட்டவன்தான், மூன்று வாரத்துக்கு முன்னால் சறுக்கி விழுந்தேன்.

சரி, ஒன்று கேட்கிறேன். சாமி கழுத்தில் இருந்து இறங்கின பூவை நீங்கள் என்ன செய்கிறீர்கள்? குப்பைத்தொட்டியில் போட மனசு வராது. தெருவில் போட்டால் யார் காலாவது படும். எங்கள் வீட்டில் அதற்கு ஒரே வழி மாடுதான். மாடு மகாலட்சுமி. அவள் வயிற்றுக்குள் போய்விட்டால் யார் காலிலும் படாது அல்லவா? நான் இப்படித்தான் நினைத்தேன். உங்களிலும் பாதிப் பேர் இப்படித்தான் நினைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

தனம் காலையில் பால் கறந்து முடித்ததும் மாட்டை அவிழ்த்துவிடுவாள். அது எங்கள் தெருவில் இரண்டு கேட்டில் மட்டும் நிற்கும். ஒன்று எங்கள் வீடு. இன்னொன்று எதிர்வீடு, சொல்தா ஐயா வீடு. பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். எண்பது வயதைத் தாண்டியவர், தனியாக இருக்கிறார். தினமும் பேக்கரியில் ஒரு நீள ரொட்டி வாங்குவார். பாதியை அவர் சாப்பிடுவார். மீதிப் பாதி மறுநாள் காலையில் மாட்டுக்கு. கேட்டைப் பிடித்துக்கொண்டு, துண்டு துண்டாகப் பிய்த்து, ஏதோ பேசிக்கொண்டே ஊட்டுவார்.

நான் போடும் மாலைகளை மாடு முழுசாகத் தின்றதில்லை. மல்லிகையைத் தின்னும், துளசியைத் தின்னும். அரளியை மட்டும் நாக்கால் ஒதுக்கித் தள்ளிவிடும். ‘கொழுப்புதான் உனக்கு’ என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த ஆடி வெள்ளிக்குத் தெரு அம்மனுக்குப் பூ அலங்காரம். மாலை என் பொறுப்பு. கையில் இருந்த பூ போதவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? நாலு பூவுக்கு இரண்டு இலை என்று அரளி இலையையே நடுவில் வைத்துத் தொடுத்தேன். சிவப்பும் பச்சையுமாக அம்மன் ஜொலித்தாள். எல்லாரும் பாராட்டினார்கள். சனிக்கிழமை காலையில் பூசாரி அவ்வளவையும் கழற்றி ஒரு கோணிப்பையில் போட்டு, “நீங்களே சேர்க்க வேண்டிய எடத்துல சேர்த்துடுங்க” என்று கொடுத்தார். தலையில் வைத்துக்கொண்டு வந்தேன். பாரமே தெரியவில்லை.

மாடு வந்தது. பக்கெட்டில் கொட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

“அதான் வேணாங்குதே, விடுங்களேன்” என்றாள் செல்வி.

“சாமி கழுத்துல இருந்தது. வேணாம்னு சொல்ல அதுக்கு என்ன தெரியும்?”

அரிவாள்மணையை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நாரை எல்லாம் உருவிப் போட்டுவிட்டு, பூவையும் இலையையும் பொடிப்பொடியாக அரிந்தேன். ஆறு வாழைப்பழம், கோயில் சர்க்கரைப் பொங்கல் இரண்டு கரண்டி, அரிசி கழுவின தண்ணீர் எல்லாம் விட்டுப் பிசைந்தேன். இனிப்பு வாசனைக்கு மாடு ஓடி வந்தது. பக்கெட்டின் அடியைக்கூட விடாமல் நக்கியது.

நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்!

அரளி விஷம் என்று தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். யாருக்குத்தான் தெரியாது? விதைதானே விஷம், பூவுக்கும் இலைக்கும் என்ன என்று ஒரு நினைப்பு. அதற்கும் மேலே இன்னொரு நினைப்பு... ஒரு நாள் முழுக்க அம்மன் கழுத்தில் கிடந்திருக்கிறதே, அதற்கு அப்புறம் அதில் விஷம் எங்கே மிச்சம் இருக்கும் என்று. எட்டாவதோடு படிப்பை நிறுத்தினவன் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை. இதற்குப் படிப்பு வேண்டாம். மாடு முகத்தைத் திருப்பினதைப் பார்க்கக் கண் இருந்தால் போதும்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தேன். தெருவில் கூச்சல்.

கரண்ட் கம்பத்துக்குப் பக்கத்தில் மாடு விழுந்து கிடந்தது. வாயில் எச்சில் ஒழுகியது. பின்பக்கமெல்லாம் கழிச்சல். மூச்சு இழுத்து இழுத்து வந்தது. தனம் தார் ரோட்டில் உட்கார்ந்து அதன் தலையை மடியில் வைத்திருந்தாள். அவளுக்கு இருப்பது இந்த ஒரே மாடு. கன்றிலிருந்து வளர்த்தது.

“எவங்க எம் மாட்டுக்கு எதைப் போட்டது? காலையில இந்தத் தெருவுலதான தின்னுச்சு? சொல்லுங்க!”

சொல்தா ஐயா கைத்தடியை ஊன்றிக்கொண்டு மெதுவாக வந்தார்.

“நான்தாம்மா ரொட்டி போட்டேன். எப்பவும் போடறதுதான்...”

“எப்ப வாங்கின ரொட்டி?”

“நேத்து வாங்கினது.”

“நேத்து வாங்கினதா, போன வாரம் வாங்கினதா? பூசணம் பூத்ததை எடுத்துப் போட்டுட்டியா பெரியவரே? வயசாச்சுன்னா வீட்டோட கெடக்க வேண்டியதுதான? வாயில்லா சீவனுக்கு ஏன் ஊட்டற?”

என்றைக்கும் அவரை ‘ஐயா’ என்று கூப்பிடுகிறவள் அவள். யாரோ பின்னாலிருந்து, “அந்த ரொட்டியில என்னென்னமோ பவுடர் போடறானுங்க” என்று எடுத்துக் கொடுத்தார்கள். கூட்டம் தலையாட்டியது. எவ்வளவு சுலபம்!

“பூசணம் இல்லம்மா” என்றார் சொல்தா ஐயா. அப்புறம் குரல் இறங்கிவிட்டது. “எனக்குக் கண்ணு சரியாத் தெரியல... இருந்துருக்குமோ?”

செய்யாத தப்பை ஒரு மனுஷன் தன் மேல் ஏற்றிக்கொள்வதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். இரண்டடி தள்ளி நின்று பார்த்தேன்.

நான் வாயைத் திறக்கவில்லை.

எனக்குத் தெரிந்துவிட்டது. மாடு கிடந்த கோலத்தைப் பார்த்த அந்த நொடியே. இருந்தாலும் வாய் ஒட்டிக்கொண்டுவிட்டது. தெருவுக்கே பூ கொடுக்கிறவன், அம்மனுக்கு மாலை தொடுக்கிறவன், பத்திரிகையில் நல்லது கெட்டது எழுதுகிறவன்... இவ்வளவு பேருக்கு முன்னால் எப்படிச் சொல்வது? மனசுக்குள் அம்மனைக் கூப்பிட்டேன். ‘தாயே, மாட்டைக் காப்பாத்து. ஒனக்கு அடுத்த வெள்ளிக்குப் பால் அபிஷேகம் பண்றேன்’ என்று வேண்டிக்கொண்டேன்.

இதற்குள் யாரோ போன் செய்து கால்நடை டாக்டரம்மா ஸ்கூட்டரில் வந்துவிட்டார். சின்ன வயசு. வந்ததும் ரோட்டில் மண்டியிட்டு, மாட்டின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார்.

“ரொட்டி தின்னா இப்படி ஆகாது. நெஞ்சுத் துடிப்பு தாறுமாறா ஓடுது. வேற என்ன தின்னுச்சு? தெரிஞ்சா அதுக்கு ஏத்த வைத்தியம் பண்ணலாம். தெரியலன்னா இருட்டுல தடவற கதைதான்.”

செல்வி என்னைப் பார்த்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாட்டைக் காப்பாற்று என்று நான் அம்மனைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். காப்பாற்றுகிற விஷயத்தை என் வாய்க்குள் வைத்துக்கொண்டே! என்னைவிட்டால் வேறு யாரை அவள் அனுப்புவாள்?

“அரளி” என்றேன். டாக்டரம்மாவுக்குக் கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன். “நான் போட்டேன். கோயில் மாலை. செவ்வரளி.”

டாக்டரம்மா சட்டென்று நிமிர்ந்தார். “பூ மட்டுமா, இலையுமா?”

“இலையும்.”

“எவ்வளவு?”

இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன்.

“அரளியை மாடு தொடாதே சார். கசப்பாச்சே?”

“பழம், பொங்கல் எல்லாம் போட்டுப் பிசைஞ்சு கொடுத்தேம்மா.”

தனம் கத்தியிருந்தால் தேவலை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, “நீங்களாண்ணே?” என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது.

டாக்டரம்மா ஒரு நிமிஷம் வீணாக்கவில்லை. மாட்டின் தொண்டைக்குள் குழாய் விட்டு, கரித்தூளைத் தண்ணீரில் கரைத்து உள்ளே இறக்கினார். விஷத்தை அது இழுத்துப் பிடித்துக்கொள்ளுமாம். நரம்பில் ஊசி போட்டார். நான் வீட்டுக்கும் தெருவுக்குமாகத் தண்ணீர் தூக்கினேன். வேறு எதற்கு லாயக்கு? சாயங்காலம் ஆட்கள் சேர்ந்து மாட்டைப் பலகையில் ஏற்றித் தனத்தின் கொட்டகைக்குக் கொண்டுபோனோம்.

“கன்னுக்குட்டிக்கு உள்ள அசைவு இருக்கு. ரெண்டு நாள் தாண்டணும். எப்ப வேணும்னாலும் நெஞ்சு நின்னுடலாம்” என்று சொல்லிவிட்டுப் போனார் டாக்டரம்மா.

அந்த இரண்டு நாளும் கொட்டகை வாசலில் நின்றேன். தனம் உள்ளே வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

சொல்தா ஐயாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். ஈஸிசேரில் படுத்திருந்தார். என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

“இருவது வருஷம் பட்டாளத்துல இருந்தேன் தம்பி. ஒரு உசுரை எடுத்தது கெடையாது. அன்னிக்கு ரோட்டுல பத்து நிமிஷம் நின்னேன் பாரு, எடுத்துட்டோம்னே நெனச்சுட்டேன்” என்றார். என் கையை விடாமலே, “நீ சொல்லாம இருந்திருந்தா, சாகற வரைக்கும் அப்படியேதான் நெனச்சிருப்பேன்” என்றார்.

அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை மத்தியானம் மாடு முன்னங்காலை மடக்கி, ஒருதரம் விழுந்து, மறுபடி முயன்று... எழுந்து நின்றுவிட்டது. தனம் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் வாசலில் நின்று அழுதேன். உள்ளே போகவில்லை. டாக்டரம்மா இன்னொரு ஊசி போட்டு, ஒரு வாரத்துப் பாலைக் கீழே கொட்டச் சொன்னார். போகும்போது என்னிடம் நின்று சொன்னதை நீங்களும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

“அரளி காஞ்சா கசப்புதான் சார் கொறையும், விஷம் கொறையாது. பழைய மாலையை எரிக்கவும் கூடாது, அந்தப் புகையும் ஆகாது. ஆழமாக் குழி தோண்டிப் பொதைச்சிடுங்க. நந்தியாவட்டையும் பால் வடியற செடிதான். அதையும் மாட்டுக்குப் போடாதீங்க.”

வீட்டுக்கு வந்த வேகத்தில் ரம்பத்தை எடுத்தேன். அரளியை அடியோடு அறுத்துவிடுவது என்று. செல்வி குறுக்கே வந்து நின்றாள்.

“செடி என்ன பண்ணுச்சு?”

“என்ன பண்ணுச்சா? விஷம்டி அது!”

“அது பாட்டுக்குக் கசந்துக்கிட்டுதான் நின்னுச்சு. என்னைத் தின்னாதன்னுதான சொல்லிச்சு? கசப்பை மறைச்சு ஊட்டி விட்டது யாரு?”

ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

வெட்டவில்லை. முழங்கால் உயரத்துக்குக் கழித்துவிட்டு, வேரோடு தோண்டி, மாடியில் ஒரு பாதி டிரம்மில் வைத்திருக்கிறோம். அங்கே வெயிலுக்குப் பஞ்சமில்லை, மாடு ஆடு ஏறி வராது. இரண்டு துளிர் வந்திருக்கிறது. அதைத் தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுகிறேன். இறங்கின மாலைகளுக்கு நந்தியாவட்டைக்குப் பக்கத்தில் ஒரு குழி. மண்ணுக்குள் போனாலும் யார் காலிலும் படாதுதானே? இவ்வளவு சின்ன விஷயம் இத்தனை வருஷம் எனக்குத் தோன்றவில்லை.

ஆக, எந்தச் செடி நல்லது என்று கேட்டால் — இரண்டும் நல்லதுதான். நேரம் இல்லை, வெயில் நிறைய, மதில் சுவர் உயரம் என்றால் அரளி வையுங்கள். வாசலில் நிழல் உண்டு, தினம் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற ஆள் உண்டு, தெருவில் மாடும் குழந்தைகளும் போய்வருவது உண்டு என்றால் நந்தியாவட்டை. எதை வைத்தாலும் அதைப் பூவாகவே வைத்திருங்கள். தீனியாக்க வேண்டாம்.

இதெல்லாம் ஆனபிறகும் மாடு எங்கள் தெருப்பக்கம் வரவில்லை. தனம் வேறு வழியாக ஓட்டிக்கொண்டு போனாள். பாலை மட்டும் யார் மூலமாவது அனுப்பினாள். சொம்பை வாங்கும்போதெல்லாம் செல்வி பெருமூச்சு விடுவாள்.

முந்தாநாள் காலை. பூஜையில் உட்கார்ந்திருக்கிறேன், வாசலில் குளம்புச் சத்தம். எழுந்து ஓடினேன். மாடு கேட்டுக்குள் தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. பக்கத்தில் தனம். முன்பெல்லாம் அவிழ்த்துவிட்டுவிடுகிறவள், இப்போது கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தாள்.

நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

“என்னாண்ணே, மரம் மாதிரி நிக்கறீங்க? எம் மாட்டை வெறும் வயித்தோட அனுப்பறதா உத்தேசமா?”

“எதைப் போடறதுன்னு பயமா இருக்கு தனம்.”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிடித்திருந்த கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தினாள்.

“பக்தியெல்லாம் நீங்க வச்சுக்குங்க. அதுக்குப் பசிக்கு ஏதாச்சும் போடுங்க.”

அன்றைக்கு அரிசி கழுவின தண்ணீரை மட்டும் வைத்தேன். நேற்று விடிந்ததும் முதல் வேலையாகப் போய் ஒரு கட்டுப் புல் வாங்கிவந்தேன். அம்மனுக்கு விளக்கு ஏற்றக் கொஞ்சம் நேரமாகிவிட்டது. அவள் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.